சிங்கப்பூரில் இயற்கை வரலாற்றுத் தொகுப்பும் இளங்கலை மாணவர் ஆய்வுப் பயிற்சியும்

ஈசூன் அடுக்குமாடிகளுக்கு அருகே, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் நீ சூன் சதுப்புக் காடு இருக்கிறது. சிங்கப்பூரில் எஞ்சியுள்ள பெரிய நன்னீர்ச் சதுப்புக் காடு இது ஒன்றுதான். ஓட்டில் வலைக்கோலம் படர்ந்த பாரதெல்ஃபூசா ரெட்டிகுலாட்டா என்ற நண்டு இந்தக் காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் வாழ்வதாகத் தெரியவில்லை. 1990-ல் அதற்குப் பெயரிட்ட பீட்டர் இங், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னாளில் அதன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கே தலைமை ஏற்றவர். புக்கிட் தீமா ஓடைகளில் வாழும் ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ் நண்டை 1986-ல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. 2012-ல் உலகில் மிகுந்த ஆபத்திலுள்ள 100 உயிரினங்களின் பட்டியலில் அந்த நண்டு இடம்பெற்றது. நூறாண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்ட சிறு தீவில் இவை இவ்வளவு காலம் பெயரின்றிக் கிடந்ததற்கும், 1986 முதல் 1990-க்குள் வெளிச்சத்துக்கு வந்ததற்கும் ஒரே விளக்கம் பொருந்துகிறது: பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் விலங்கியல் தொகுப்பு பல்கலைக்கழக மாணவர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தொகுப்பு இன்றுவரை பிழைத்திருப்பதற்கு மாணவர்களும் பெருங்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்ககாலச் சேகரிப்பு இங்கே தங்கவில்லை. 1854-ல் இங்கு வந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், புக்கிட் தீமாவில் ஒரு சதுர மைலுக்கு மிகாத காட்டில் சுமார் 700 வகை வண்டுகளைத் திரட்டினார். அவை இங்கிலாந்துக்குக் கப்பலேறின. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் 1887-ல் திறக்கப்பட்ட ராஃபிள்ஸ் அரும்பொருளகக் கட்டடம் உள்ளூர்ச் சேகரிப்புக்கு நிலையான இடம் தந்தது. 1928-ல் அதன் ஆய்விதழ் தொடங்கியது. ஜப்பானிய ஆட்சிக் காலத்திலும் தொகுப்பு அழியாமல் தப்பியது. ஆனால் அது காப்பாளர்களும் வல்லுநர்களும் புழங்கிய இடம். மாணவர்களைப் பயிற்றுவிப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. விடுதலைக்குப் பின் அரும்பொருளகம் வரலாற்றையும் பண்பாட்டையும் நோக்கித் திரும்பியபோது விலங்கியல் தொகுப்புக்கு அங்கே இடமில்லாமல் போனது. 1972-ல் அது பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கூடத்தில் தொங்கிய பெரிய திமிங்கில எலும்புக்கூடு 1974-ல் கோலாலம்பூருக்குப் போய்விட்டது. மற்றவை இடம் மாறி மாறி, 1980-களின் பிற்பகுதியில்தான் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தை அடைந்தன. அந்த அலைச்சல் முழுவதிலும் அவற்றைக் கட்டிக்காத்தவர் காப்பாளர் யாங் சாங் மான். தீவின் மூன்றாவது தனித்துவ நன்னீர் நண்டான இர்மென்கார்டியா ஜான்சோனிக்கு 1985-ல் அவரும் இளைஞர் பீட்டர் இங்கும் சேர்ந்து பெயரிட்டார்கள். காப்பாளரும் மாணவத் தலைமுறையும் ஒரே மேசையில் அமர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இத்தொகுப்பை வைத்து நடக்கும் ஆய்வுப் பயிற்சியில் இளங்கலை மாணவர் முதலில் கற்பது பொறுமை. புட்டியைத் திறந்ததும் ஆல்கஹால் நெடி ஏறும். உள்ளே நண்டோடு ஊறிக் கிடக்கும் சீட்டில் இடம், நாள், சேகரித்தவர் பெயர். நண்டை நிறம் பார்த்து அடையாளம் காண முடியாது, ஊறலில் நிறம் வெளுத்துவிடும். ஆண் நண்டின் வயிற்று மடலை இடுக்கியால் விலக்கி, அடியிலுள்ள இனச்சேர்க்கை உறுப்பின் நுனி வளைந்திருக்கிறதா, நேராக நிற்கிறதா என நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். சீட்டிலுள்ள பெயரும் கண்ணால் கண்டதும் ஒத்துப்போகாதபோது ஆய்வு அங்கே தொடங்கிவிடுகிறது. விடை முன்கூட்டியே தெரிந்த ஆய்வுக்கூடப் பயிற்சிகளில் இந்த அனுபவம் கிடைப்பதில்லை.

அரிய மாதிரிகளை அனுபவமற்ற கைகளில் கொடுக்கலாமா என்ற அச்சம் நியாயமானது. ஒரு சிற்றினத்தின் பெயருக்கே ஆதாரமான மூல மாதிரி போனால் போனதுதான். அதனால் அவை தனியே பூட்டி வைக்கப்படுகின்றன. மாணவர்களின் பெரும்பகுதி உழைப்பை வேண்டி நிற்பவை இன்னும் இனம் பிரிக்கப்படாத புட்டிகள். மரபணு வரிசை இருக்கும்போது புட்டி எதற்கு என்பது அடுத்த கேள்வி. வரிசைக்கு யாரோ ஒருவர் பெயர் சூட்டியாக வேண்டும். அந்தப் பெயர் தவறு என்ற ஐயம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க உடல் வேண்டும். ஃபார்மலினில் பதப்படுத்திய பழைய மாதிரிகளில் மரபணுவைப் பிரிப்பது கடினம் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் காட்டில் அந்த ஆண்டில் அவ்வுயிர் இருந்தது என்ற சாட்சியத்தை அது குறைப்பதில்லை.

மூன்றாவது எதிர்ப்பே கனமானது: காலனிக் காலத்தவர் கண்ணில் பட்டதையும் பிடித்ததையும் சேகரித்தார்கள், அத்தகைய கோணலான தொகுப்பிலிருந்து என்ன முடிவுக்கு வர முடியும்? இத்தகைய பதிவுகளைக் கொண்டு பாரி புரூக், நவ்ஜோத் சோதி, பீட்டர் இங் மூவரும் 2003-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, சிங்கப்பூரில் பதிவான இனங்களில் குறைந்தது 28 விழுக்காடு 1819-க்குப் பின் அழிந்தன என்றது. பதிவாகாமலே மறைந்தவற்றையும் சேர்த்தால் இழப்பு 73 விழுக்காடு வரை போகலாம் என்றும் மதிப்பிட்டது. 50,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து ரயன் சிசோமும் குழுவினரும் 2023-ல் வெளியிட்ட ஆய்வு இழப்பை 37 விழுக்காடு என்கிறது. பதிவாகாதவற்றை எப்படிக் கணக்கிடுவது என்பதைப் பொறுத்து விடை இவ்வளவு மாறுகிறது. ஆகவே தொகுப்பின் கோணலை மறைக்காமல் மாணவரிடம் காட்டுவதே சரி. யார், எங்கே, எதை விட்டுவிட்டார் என்று கேட்கத் தெரிந்தவரே இந்த எண்களைச் சோதிக்க முடியும்.

1998-ல் தொகுப்பு ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அரும்பொருளகம் ஆனது. 2015-ல் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகமாகச் சொந்தக் கட்டடத்தில் மக்களுக்குத் திறந்தது. அங்குள்ள டைனோசர் எலும்புக்கூடுகளே பெருங்கூட்டத்தை ஈர்க்கின்றன. ஆய்வுக்கு அதைவிடப் பெரிய திறப்பு, 2008-ல் தொடங்கிய ‘நேச்சர் இன் சிங்கப்பூர்’ இதழ். தீவில் புதிதாகவோ மீண்டுமோ கண்ட உயிரைப் பற்றிய சிறு குறிப்புக்கும் அதில் இடமுண்டு. மாதிரி இருந்தால் அதன் பதிவு எண்ணும் அச்சாகும். எழுதியவரின் முடிவை ஏற்காதவர் அந்த எண்ணைச் சொல்லி அதே புட்டியைக் கேட்கலாம்.