ஒரு பாறைக்குப் பெயர் சூட்டிய கதை

குழந்தை பிறந்த சில நாட்களில் பெயர் சூட்டிவிடுகிறோம். உலகப் புகழ் பெற்ற ஒரு பாறைத் தொகுதியோ தனக்குரிய தகுதியைப் பெற 87 ஆண்டுகள் காத்திருந்தது என்றால் நம்புவீர்களா?

1909ஆம் ஆண்டு, கனடாவின் ராக்கி மலைகளில் சார்லஸ் வால்காட் என்ற அமெரிக்க நிலவியல் அறிஞர் கரிய களிப்பாறையில் விந்தையான உயிரினங்களின் பதிவுகளைக் கண்டார். அவை ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலக் கடலில் வாழ்ந்தவை. அவற்றின் மென்மையான உறுப்புகளும் அழியாமல் பதிந்திருந்தன. பின்னர் அவர் திரட்டிய மாதிரிகள் 65,000க்கும் மேல்! 1911இல் அருகிலிருந்த கணவாயின் பெயரால் அப்பாறையை 'பர்ஜஸ் களிப்பாறை' என்றழைத்தார். ஆனால், 1908இல் தாமே பெயரிட்ட 'ஸ்டீபன்' தொகுதியின் ஒரு பகுதியாகவே அதனைக் கருதினார்.

தனித் தொகுதி என்று ஏற்கப்படுவதற்குச் சில விதிகள் உண்டு. பாறையின் தன்மை அக்கம்பக்கத்துப் பாறைகளினின்று வேறுபட வேண்டும். அதன் அடி எல்லையும் மேல் எல்லையும் தெளிவாக இருக்க வேண்டும். வரைபடத்தில் குறித்துக் காட்டும் அளவுக்குப் பரவியிருக்க வேண்டும். எவரும் சென்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி இடமும் வேண்டும். உள்ளே புதைந்த உயிரினங்கள் எத்துணை அரியவையாயினும், தொகுதியை அவை தீர்மானிப்பதில்லை!

ஸ்டீபன் தொகுதியில் ஒரு புதிர் இருந்தது. அது சில மலைகளில் மெல்லியதாகவும் சிலவற்றில் மிகத் தடித்தும் காணப்பட்டது. ஏன்? 1960களில் கனடா நிலவியல் துறையினர் நடத்திய ஆய்வு விடை தந்தது. அக்காலக் கடலடியில் சுண்ணாம்புப் பாறையாலான ஒரு மேடை இருந்தது. அதன் விளிம்பு செங்குத்தாக ஆழ்கடலுக்குள் இறங்கியது. மேடைமேல் படிந்தது மெல்லிய அடுக்கு. விளிம்பின் அடியில், ஆழத்தில் குவிந்தது தடித்த அடுக்கு. அங்குச் சரிந்து வந்த சேறுதான் உயிரினங்களை மூடிப் பாதுகாத்தது.

இரண்டும் வெவ்வேறு சூழலில் பிறந்தவை. ஒரே பெயர் எப்படிப் பொருந்தும்? 1998இல் பிளெட்சர், காலின்ஸ் என்ற இரு அறிஞர்கள் தடித்த அடுக்கைப் பிரித்து, 'பர்ஜஸ் களிப்பாறைத் தொகுதி' என முறைப்படி விவரித்தனர். அதனைப் பத்து உட்பிரிவுகளாகவும் பகுத்தனர். வால்காட் தோண்டிய இடத்தின் அடுக்கு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? மேல் அடுக்கில் கிடைத்த உயிரினம் கீழ் அடுக்கில் கிடைத்ததைவிடப் பிந்தியது. எது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், உயிர் வரலாற்றின் பக்கங்கள் கலைந்துபோகும். அப்பக்கங்களுக்கு எண் இடுவதே பாறைக்குப் பெயரிடுவதன் பயன்.