பாகில்லாக் கொட்டையும் மலேரியா மாத்திரையும்

ஹிஜ்ரி 403-ல் (கி.பி. 1013) பக்தாதில் மறைந்த காழீ அபூபக்ர் அல்-பாகில்லானீ (ரஹ்) அவர்களின் பெயரை அகீதாக் கலை பயின்றோர் அனைவரும் அறிவர். அஷ்அரீ மரபின் பெருந்தூண்களுள் ஒருவரான அன்னாரின் பெயரோடு ஒட்டி நிற்கும் ‘பாகில்லானீ’ என்னும் அடைமொழி, பாகில்லா விற்பவர் என்ற பொருளைத் தருவது. பாகில்லா என்பது பெரிய அவரை இனத்தைச் சேர்ந்த ஒரு கொட்டை. எகிப்தியர் அதை ஃபூல் என்பர். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற நம்மவர் பலரும் காலைப் பசிக்கு ஃபூலும் ரொட்டியும் உண்டு பழகியவர்களே. அதனால் அவர்களில் பெரும்பாலோர்க்கு எத்தீங்கும் நேர்ந்ததில்லை.

எனினும் இதே கொட்டை சிலருக்கு மட்டும் நஞ்சாகிவிடுகிறது. உண்ட ஓரிரு நாளில் முகம் வெளிறி, கண்கள் மஞ்சளாகி, சிறுநீர் கருந்தேயிலைச் சாற்றின் நிறம் கொள்கிறது. 1941-ல் லெடரர் என்னும் மருத்துவர், பக்தாதில் வசந்த காலந்தோறும் தலைகாட்டிய ஒரு கடும் இரத்தச் சோகையைப் பற்றி எழுதி, அதற்குப் ‘பக்தாதின் வசந்தச் சோகை’ என்றே பெயரிட்டார். வசந்தத்தில் காற்றில் பரவும் மகரந்தத்தின் மீது அக்காலத்தில் ஐயம் எழுந்தது. பச்சைப் பாகில்லா சந்தைக்கு வருவதும் அப்பருவத்திலேதான். கிரேக்க ஞானி பைத்தகோரஸ் (நம் கிதாபுகளில் ஃபீஸாகூரஸ்) தம் மாணவர்க்கு அவரையை விலக்கியதற்கு இந்நோயே காரணம் என்று இக்காலத்தார் சிலர் எழுதுகின்றனர். கேட்க இனிய கதைதான், ஆதாரமோ மெலிந்தது.

இக்கொட்டையின் மர்மத்தை அவிழ்த்தது ஒரு மருந்தின் வரலாறு. அதையே இங்கு விரித்துரைக்க விழைகிறேன்.

மலேரியாவுக்குக் கொய்னா என்னும் குவினைன் நெடுங்காலம் பயன்பட்டு வந்தது. ஆனால் விவாக்ஸ் வகை மலேரியாவின் கிருமி கல்லீரலில் பதுங்கி உறங்கி, திங்கள் பல கழித்து மீண்டும் எழும். அதை அங்கேயே அழிக்கும் ஆற்றல் குவினைனுக்கு இல்லை. 1926-ல் ஜெர்மானியர் ‘பிளாஸ்மோகின்’ என்ற செயற்கை மருந்தைப் புழக்கத்துக்குக் கொணர்ந்தனர். சில ஆண்டுகளுக்குள்ளேயே அதை உண்டோர் சிலரின் சிறுநீர் கறுத்தது, இரத்தம் குன்றியது. காய்ச்சலின் வேலையா, மருந்தின் வேலையா என்று பிரித்தறிவது எளிதாயில்லை. இதற்கு முன்னரே ஆப்பிரிக்காவில் கருநீர்க் காய்ச்சல் எனப்பட்ட நோயை ஆராய்ந்த ராபர்ட் கோஃக், அதைக் குவினைனின் நஞ்சென்றே கூறிப் பெரும் வாதத்தைக் கிளப்பியிருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுகளைப் போலவே கொசுவும் படைகளை வீழ்த்தியது. ஆகவே 1944-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டேட்வில் சிறைச்சாலையில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனைக் கூடத்தை அமைத்தனர். ஆல்ஃப் ஆல்விங் அதன் தலைவர். கைதிகளைக் கொசுக்கடிக்கு உட்படுத்தி மலேரியாவை ஏற்றி, பின்னர் புதுப்புது மருந்துகளை உண்பித்துப் பார்த்தனர். பிளாஸ்மோகினின் வழிவந்த பிரைமாகுவின் இவ்வாறு தேறி வந்ததே. கொரியப் போரிலிருந்து கப்பலில் திரும்பிய அமெரிக்கப் படையினர்க்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் வீதம் 14 நாள் அதைக் கொடுத்தார்கள்.

சிறைக்குள் நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் உண்டோரில் கறுப்பினக் கைதிகள் சிலருக்கு மட்டும் இரண்டு மூன்று நாளில் செவ்வணுக்கள் சிதையத் தொடங்கின. ஏனையோர்க்கு ஒன்றுமில்லை. குறை மருந்திலா, அவர்தம் உடலிலா, உடலெனில் எவ்வுறுப்பில் என்ற வினா எழுந்தது. அதற்கு விடை கண்ட முறையை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது. ஒவ்வாமை கொண்டவரின் செவ்வணுக்களை எடுத்து, கதிர்வீசும் குரோமியம்-51 கொண்டு அடையாளமிட்டு, ஒவ்வாமை அற்ற ஒருவரின் நாளத்தில் ஏற்றினர். அவருக்குப் பிரைமாகுவின் கொடுத்ததும் விருந்தாளியாய் வந்த அணுக்கள் மட்டும் அழிந்தன. அவருடைய சொந்த அணுக்கள் நிலைத்தன. பின்னர் நேர்மாறாகவும் செய்தனர். நல்லவரின் அணுக்கள் ஒவ்வாதவரின் உடலில் அழியாது பிழைத்தன. ஆகவே குறை ஈரலிலுமில்லை, மண்ணீரலிலுமில்லை. செவ்வணுவின் உள்ளேயே இருக்கிறது என்பது 1954-ல் ஐயமற நிலைநாட்டப்பட்டது. டெர்ன் என்பாரும், நாஜிகளுக்கு அஞ்சிப் பெற்றோருடன் பெர்லினை விட்டு ஓடிவந்த யூதச் சிறுவனாயிருந்து மருத்துவரான எர்னஸ்ட் பாய்ட்லரும் அங்கு உழைத்தோருள் குறிப்பிடத்தக்கவர்கள்.

மற்றொரு புதுமையையும் அவர்கள் கண்டனர். மருந்தை நிறுத்தாமலே இரண்டாம் வாரத்தில் நோயாளியின் இரத்தம் தேறத் தொடங்கியது. ஏனெனில் முதலில் மடிந்தவை முதிய அணுக்கள். புதிதாய்ப் பிறந்தவை மருந்தைத் தாங்கின. செவ்வணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதனுள் கரு இல்லை. ஆதலால் பிறக்கும்போது பெற்ற நொதியைக் கொண்டே அது வாழ்நாளைக் கழித்தாக வேண்டும். 1956-ல் கார்சன் முதலியோர் அந்நொதி எதுவெனச் சுட்டிக் காட்டினர். குளூக்கோஸ்-6-பாஸ்ஃபேட் டீஹைட்ரஜனேஸ் என்பது அதன் நீண்ட பெயர். ஜி-6-பி-டி என்று சுருக்கிச் சொல்வர். அணுவுக்குள் குளூட்டதயோன் என்றொரு காவற்பொருள் உண்டு. ஆக்சிஜன் வழியே விளையும் தீங்கைத் தான் ஏற்று அது தேயும். தேய்ந்ததைப் புதுப்பிக்க வழி செய்வது இந்நொதி. நொதி குன்றியவரிடம் காவல் தளர்கிறது. ஹீமோகுளோபின் கட்டிப் புள்ளிகளாய் உறைய, அணு உடைகிறது. பாகில்லாவிலும் இதே தீங்கை விளைக்கும் பொருட்கள் உண்டு. பிரைமாகுவினும் பாகில்லாவும் ஒரே குறையைத்தான் தொடுகின்றன என்பது அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தெளிவாயிற்று.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. தொடக்கத்தில் அமெரிக்கர் பலர் இதைக் கறுப்பினத்தாரின் குறையென்றே பேசினர். தோலின் நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சார்டீனியாத் தீவின் வெள்ளையர்க்கும், கிரேக்கர்க்கும், ஸவூதியின் அல்-அஹ்ஸா, கதீஃப் வட்டாரத்து அரபிகளுக்கும் இது உண்டு. குர்திஸ்தான் யூதர்களின் ஆண்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் இக்குறை காணப்பட்டது. உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேர் இதனுடன் பிறந்தவர்கள் என்பது மருத்துவர் கணக்கு. மலேரியா மண்டிய நாடுகளிலேயே இது மிகுந்திருக்கிறது. இக்குறையே அக்காய்ச்சலின் கொடுமைக்கு ஓரளவு தடுப்பாவதால் தலைமுறைதோறும் நிலைத்தது என்பர். ஆனால் எல்லோர்க்கும் ஒரே அளவில் அல்ல. ஆப்பிரிக்க வகையினர் தாமே தேறுவர். மத்தியதரைக் கடல் வகையினரின் இளம் அணுக்களும் நொதியற்றவை, ஆதலின் மருந்து தொடர்ந்தால் உயிருக்கே கேடு நேரலாம்.

ஷெய்குர் ரயீஸ் இப்னு ஸீனா தம் ‘கானூன்’ நூலின் இரண்டாம் பாகத்தில், மருந்தைச் சோதித்தறியும் நிபந்தனைகளை வகுத்துள்ளார். சோதனை மனித உடலில் நடத்தல் வேண்டும், குதிரைக்கோ சிங்கத்துக்கோ கொடுத்துக் கண்டது மனிதனுக்குப் பொருந்தாது போகலாம் என்பது அவற்றுள் ஒன்று. ஸ்டேட்வில்லில் நடந்தது அச்சொல்லுக்குச் சான்றாகும். ஆனால் எந்த மனிதனின் உடலில் என்று ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கைதிகள் விரும்பிக் கையெழுத்திட்டார்கள் என்றே பதிவுகள் கூறுகின்றன. சிறு தொகையும் தண்டனைக் குறைப்பின் நம்பிக்கையும் கண்முன் இருக்க, கம்பிக்குள் அடைபட்டவன் தரும் சம்மதத்தை எவ்வாறு எடைபோடுவது? நம் ஃபிக்ஹு நூல்கள் நிர்ப்பந்தம் எனப்படும் ‘இக்ராஹ்’ குறித்து நீண்ட அத்தியாயங்களை வகுத்துள்ளன. அக்கையெழுத்தை ஒரு முஃப்தீ எவ்வாறு மதிப்பிட்டிருப்பார் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. நூரம்பர்க்கில் 1946-47-ல் நடந்த வழக்கில் நாஜி மருத்துவர்களின் வழக்கறிஞர்கள் இந்த ஸ்டேட்வில்லையே எடுத்துக் காட்டி, உங்கள் நாட்டிலும் இதுதானே நடக்கிறது என்றனர். இரண்டும் ஒன்றல்ல, ஆனாலும் வினா முற்றிலும் வீணானதுமல்ல. அச்சிறையின் சோதனை 1974-ல்தான் நின்றது.

மருந்தால் செவ்வணு சிதைவது இவ்வொரு வழியில் மட்டுமன்று. இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மெத்தில்டோபா, உடலே தன் செவ்வணுவைப் பகையெனக் கருதும்படி செய்ததை 1966-ல் கண்டனர். அது எதிர்ப்பொருள் விளைவு, நொதிக் குறைபாடன்று. அவ்வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது.

நொதிக் குறைபாட்டை முன்கூட்டி அறியாமையின் விலையை அண்மைக் காலத்திலும் கொடுத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கென 2003-ல் வெளிவந்த குளோர்புரோகுவானில், டாப்ஸோன் கூட்டுமருந்து, நொதி குன்றிய குழந்தைகளின் இரத்தத்தைக் குறைத்ததால் 2008-ல் விலக்கப்பட்டது. மறதியும் ஒரு நோய்தான் போலும். டாப்ஸோனின் இயல்பு அதற்கு வெகுநாள் முன்பே அறியப்பட்டதாயிற்றே! 2018-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டஃபனோகுவினை ஒரே வேளை உண்டால் போதும். உடலில் பல நாள் தங்குவதால் தீங்கு நேரின் நிறுத்தவும் வழியில்லை. ஆகையால் நொதியை அளந்து பார்த்த பின்னரே அதைக் கொடுக்க வேண்டும் என்பது கட்டளை.

பிரைமாகுவின் இன்றும் நம் நாட்டில் விவாக்ஸ் மலேரியாவுக்குக் கொடுக்கப்படுகிறது. நொதியை அளக்கும் வசதி இல்லாத ஊர்களில், மாத்திரை உண்ணும் நாட்களில் சிறுநீரின் நிறத்தைக் கவனிக்கச் சொல்லி, கறுத்தால் மருந்தை நிறுத்தி உடனே வரச் சொல்கிறார்கள். இக்குறை எக்ஸ் நிறமி வழியே தாயிடமிருந்து மகனுக்கு வருவது. பெரும்பாலும் ஆண்களையே தாக்குவது. ஆதலால் நோயாளியிடம் கேட்கத்தக்க கேள்வி இன்னொன்றும் உண்டு: “உம் தாய்மாமனுக்கு எப்போதாவது ஏதேனும் மருந்துண்டு கண் மஞ்சளித்ததா?”