மந்தியின் சோலை, பறவையின் சோலை

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு குரங்குக்கும் ஒரு பாடும் பறவைக்கும் பெயரில் ஒரே சொல் வாய்த்திருக்கிறது. சிங்கவால் குரங்கைச் சோலைமந்தி என்கிறோம். பழனி, ஆனைமலை உச்சிகளில் வாழும் நீலநிறச் சிறு பறவையின் பேரினம் சோலிகோலா. 2017இல் அதை வகுத்தவர்கள் நம் சோலையோடு, 'வாழ்வது' என்று பொருள்படும் இலத்தீன் பின்னொட்டைச் சேர்த்தார்கள். ஆனால் இரண்டும் ஒரே சோலை அல்ல.

பழந்தமிழில் மரம் அடர்ந்த இடமெல்லாம் சோலைதான். மலைக்காடும் சோலை, மாந்தோப்பும் மாஞ்சோலை. நீலகிரிக்கு வந்த ஆங்கிலேயர் இச்சொல்லை 'ஷோலா' ஆக்கி, அதன் பொருளையும் சுருக்கிவிட்டார்கள். உயர்ந்த மலைகளின் புல்வெளிகளுக்கு நடுவே, நீர் கசியும் மடிப்புகளில் குட்டையாக நெருங்கி நிற்கும் காடு மட்டுமே அவர்களுக்கு ஷோலா. பறவை இந்தக் காட்டுக்குரியது; அதன் தரையில் புழு பூச்சி பொறுக்கித் திரிவது. மந்தியோ பெரும்பாலும் அதற்குக் கீழே, நெடுமரங்கள் நிற்கும் மழைக்காட்டில் வெடிப்பலாவும் பலாவும் தின்று வாழ்கிறது. அதன் பெயரில் இருப்பது நம்முடைய பழைய, அகன்ற சோலை.

மந்தி என்ற சொல்லும் இடம் பெயர்ந்ததுதான். தொல்காப்பிய மரபியலில் குரங்கு, முசு, ஊகம் ஆகியவற்றின் பெண்ணே மந்தி. ஆணுக்குக் கடுவன் என்ற அழகிய சொல் இருந்தது. இன்று பிடரிமயிர் சிலிர்த்த கடுவனும் சோலைமந்திதான். இருந்தாலும் சிங்கவால் குரங்கு என்பதைவிட இப்பெயரே எனக்கு உகந்தது. முன்னது ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பு, வால்நுனிக் குஞ்சத்தை மட்டும் பார்த்தது. பின்னது அந்த உயிரின் வீட்டைச் சொல்கிறது.

பறவைக்கு ஆங்கிலத்தில் இப்போது 'ஷோலகிளி' என்று பெயர். தமிழ்க்காது உடனே பச்சைக்கிளியைத் தேடும். ஆனால் இந்தக் கிளி மலையாளக் கிளி; அங்கே கிளி என்றால் சிறு பறவை. நம் கிளி அவர்களுக்குத் தத்த.

இரு சோலைகளில் பறவையின் சோலைதான் குறுகியது. அது உச்சியை விட்டு இறங்காததால் கணவாய்கள் அதைப் பிரித்துவிட்டன. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே வெண்வயிற்று இனம், செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அசம்பு மலையில் மூன்றாவது. சோலைமந்தி கர்நாடகத்து அகநாசினிப் பள்ளத்தாக்கு முதல் நம் களக்காடு வரை இன்னும் ஒரே இனம். ஆனால் அதன் காடு துண்டு துண்டாகிவிட்டது. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே எஞ்சிய காட்டில், சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டித் தந்திருக்கிறார்கள். குட்டியை வயிற்றோடு அணைத்த மந்திகள் அதன்மேல் கடக்கின்றன.