சுழல்தண்டைக் காக்கும் வளையம்: ஆயில் சீலின் வரலாறு

லாரியின் கியர்பெட்டிக்குள் பற்சக்கரங்கள் எண்ணெயில் தோய்ந்து சுழல, அவற்றின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டு பெட்டியின் சுவரைக் கடந்து வெளியே வரவேண்டியிருக்கிறது. அந்தத் தண்டு தடையின்றிச் சுழலவும் வேண்டும், அதைச் சுற்றியுள்ள இடைவெளி வழியே எண்ணெய் ஒழுகாமலும் இருக்க வேண்டும் என்னும் முரணான இரு தேவைகளை நிறைவேற்றுவதே, பட்டறைகளில் ஆயில் சீல் என வழங்கும் வளையத்தின் வேலை.

நீராவி எந்திரங்களின் காலத்தில் இதைச் செய்தது திணிப்புப் பெட்டி. தண்டைச் சுற்றியுள்ள குழியில் கொழுப்பில் ஊறிய நார்க்கயிற்றைத் திணித்து, மேலே ஒரு மூடியை மரையால் முடுக்குவதே அதன் அமைப்பு. முடுக்கினால் கசிவு குறைந்தது, ஆனால் உராய்வும் சூடும் மிகுந்தன. எனினும் எந்திரத்தின் அருகிலேயே ஆள் நின்று அவ்வப்போது சரிசெய்ய முடிந்ததால் இக்குறை பொறுத்துக்கொள்ளப்பட்டது. சாலையில் ஓடும் மோட்டார் வண்டிக்கு அத்தகைய கண்காணிப்பு இல்லை. தொடக்ககால வண்டிகளில் கம்பளி நமுதாவால் ஆன வளையமும், எண்ணெயை உள்ளே திருப்பும் வண்ணம் தண்டில் வெட்டிய சுருள் காடிகளும் இருந்தபோதிலும், ஓரளவு ஒழுகல் இயல்பாகவே கருதப்பட்டது.

இச்சிக்கலுக்குத் தீர்வு தோல் தொழிலிலிருந்து வந்தது. சிகாகோவில் 1878இல் தொடங்கி, ஆலைகளுக்கான தோல் பட்டைகள் செய்துவந்த சிகாகோ ராஹைட் நிறுவனமும், ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849இல் தோல் பதனிடும் ஆலையாகத் தோன்றிய ஃப்ராய்டன்பெர்க் நிறுவனமும், 1920களின் இறுதியில் மோட்டார் வண்டிகளுக்கான தோல் அடைப்பான்களில் இறங்கின. 1929இன் பொருளாதார வீழ்ச்சி தோல் விற்பனையைத் தாக்கியபோது, ஃப்ராய்டன்பெர்க்குக்கு இப்புதிய பொருள் பிழைக்கும் வழியாயிற்று. பொறியாளர் வால்டர் சிம்மரின் பெயரால் சிம்மரிங் எனப்பட்ட அதன் வளையம், தகட்டுக் கூட்டுக்குள் தோல் இதழையும், அவ்விதழைத் தண்டின்மேல் அழுத்தும் சுருள்வில்லையும் ஒருங்கே அடக்கியிருந்தது. ஆகவே பட்டறையில் தோலை அளந்து வெட்டவேண்டிய தேவை நீங்கி, பழையதை நெம்பி எடுத்துப் புதியதை அறைந்து பொருத்தும் இன்றைய வழக்கம் பிறந்தது.

தோல் தன் துளைகளில் எண்ணெயைத் தேக்கிக்கொண்டு, சொரசொரப்பான தண்டையும் தாங்கியது. ஆனால் மிகுந்த சூட்டில் இறுகி வெடித்தது. இயற்கை ரப்பரோ கனிம எண்ணெயில் ஊதிப் பருத்துக் கெட்டது. 1930களில் ஜெர்மன் வேதியியலாளர் உருவாக்கிய, எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் இவ்விரு குறைகளையும் கடக்க உதவியது. 1936 முதல் ஃப்ராய்டன்பெர்க் அவ்வகை ரப்பரில் அடைப்பான்களைச் செய்யத் தொடங்கியது. நைட்ரைல் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து உழைக்கும்; 1950களின் பிற்பகுதியில் டுபாண்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த விட்டான் என்னும் ஃபுளோரின் ரப்பர் 200 டிகிரியையும் தாங்கியது.

வளையம் ஏன் கசியாமலிருக்கிறது என்பது பிற்பாடே விளங்கியது. ரப்பர் இதழ் தண்டை நேரடியாகத் தொடுவதில்லை, இரண்டிற்கும் இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கிறது என்பதை 1957இல் ஈ. டி. ஜாகர் ஆய்வுவழிக் காட்டினார். அப்படலம் வற்றினால் இதழ் கருகிப்போகிறது. புழுதி இதழில் பதிந்தாலோ, மென்மையான ரப்பரே கடினமான எஃகில் காடி விழச் செய்கிறது.

எனவே கசியும் சீலை மாற்றும் மெக்கானிக், வளையத்தோடு தண்டையும் பார்க்கவேண்டியவராகிறார். எண்ணெயை வடித்து, புரொப்பெல்லர் ஷாஃப்டையும் ஃபிளேஞ்சையும் கழற்றியபின், சீல் உராயும் பரப்பில் விரல்நகம் சிக்குமளவு காடி இருந்தால் மெல்லிய எஃகு உறையை ஏற்றவோ, புதிய ஃபிளேஞ்ச் போடவோ வேண்டும்; கியர்பெட்டியின் காற்றுத்துளை அடைபட்டிருந்தால், உள்ளழுத்தம் புதிய சீலையும் மீறி எண்ணெயை வெளித்தள்ளும். தோலை வெட்டும் கைத்திறனை ஆலை எடுத்துக்கொண்டுவிட்டது. கசிவின் காரணம் வளையத்திலா, தண்டிலா, அழுத்தத்திலா என்று பகுத்தறியும் பொறுப்பு மட்டும் பட்டறையிலேயே தங்கிவிட்டது.