சைவமாகிப்போன கல்லமேட்டு ராட்சதன்

திருநின்றவூர் ஸ்டேஷனில் இறங்கி இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் பூசலார் கதையைச் சொல்லத் தேவையில்லை. கையில் காசில்லாத மனிதர், அஸ்திவாரம் முதல் கலசம் வரை ஒரு கோயிலை மனசுக்குள்ளேயே கட்டி முடித்தார். காஞ்சியில் கல்லால் கட்டிய பல்லவ ராஜா, இவருக்காகக் குடமுழுக்கைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. இந்த வாரம் சொல்லப்போகும் விலங்கும் அந்த மனக்கோயில் மாதிரிதான். தொட்டுப் பார்க்க ஒரு எலும்பு மிச்சமில்லை.

நம் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் பாறைகள் பழங்காலத்து இலைத் தடங்களுக்குப் பேர்போனவை. டைனோசர் வேண்டுமென்றால் எழும்பூர் போய் அரியலூருக்கு ரயில் பிடிக்க வேண்டும். அங்கே சுண்ணாம்புச் சுரங்கங்களில் கடல் சிப்பிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பின்வாங்க, ஆறுகள் மணலும் களிமண்ணுமாகக் கொண்டுவந்து நிரப்பிய இடம் கல்லமேடு.

அந்த மண்ணில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் இடுப்பெலும்பு, தொடையெலும்பு, வால் முள்ளெலும்பு எனச் சிலவற்றைக் கண்டெடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம்! நெடுநெடுவென்று வளர்ந்த ஆளைப் பக்கத்தில் படுக்கவைத்தாலும் எலும்புதான் ஜெயிக்கும். டி.ரெக்ஸுக்கே அந்த எலும்பு ஒரு மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். 1980களின் கடைசியில் வந்த கட்டுரை இதை மாமிசம் தின்னும் டைனோசர் என்றது. 'பிருஹத்காயோசாரஸ் மாட்லேயி' என்று பெயர். பேருடல் பல்லி என்று பொருள். மாட்லே, நம் நாட்டில் முன்பு டைனோசர் தோண்டிய ஆங்கிலேயர்.

அவ்வளவு பெரிய மாமிசபட்சிணியா என்று சந்தேகம் வராமல் இருக்குமா? 1990களில் தொல்லுயிர் ஆய்வாளர் சங்கர் சாட்டர்ஜி, இது நீளக்கழுத்துத் தழைதின்னி என்றார். ராட்சதன் ஒரே நாளில் சைவமானான். எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்றவர்களும் உண்டு. அதை எள்ளி நகையாட முடியாது. சற்றுத் தள்ளி சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரமே படுத்திருக்கிறது.

மறுபடி அளந்து பார்க்கலாம் என்றால், எலும்பு இல்லை. ஈரம் குடித்துப் பொருபொருத்த எலும்புகள். மாவுக்கட்டுப் போட்டுப் பொதிந்தும் பொடிப்பொடியாகிவிட்டன. இது 2017-இல்தான் பரவலாகத் தெரியவந்தது. 2022-இல் அய்யாசாமியும் பால் என்ற ஆய்வாளரும் தோண்டிய காலத்துப் புகைப்படங்களை வெளியிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபிறகு மரம் என்ற பேச்சு அடங்கியது. மறு ஆண்டே கிரிகோரி பால் (இவர் வேறு பால்), லாராமெண்டி என்ற இரு ஆய்வாளர்கள், எடை 110 டன்னுக்கு மேல் இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். நீலத் திமிங்கிலத்தோடு போட்டி போடுகிற எடை. எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். புகைப்படத்தைத் தராசில் வைக்க முடியாதே.

நம் ராட்சதன் சைவமாகிவிட்டாலும், கொம்பு வைத்த அசல் மாமிசபட்சிணி ஒன்று குஜராத்தின் ரஹியோலியில் கிடைத்தது. 2003-இல் ராஜாசாரஸ் என்று பட்டம் சூட்டினார்கள். அது தனிக் கதை, பிறகு சொல்கிறேன். கல்லமேட்டிலிருந்தும் 2013-இல் ஒரு செய்தி வந்தது. மண்ணைச் சலித்தபோது, பறவைகளுக்கு நெருங்கிய உறவான ஒரு சின்ன டைனோசரின் பல் கிடைத்தது என்றார்கள். ஒரே ஒரு பல், விரல் நுனியில் நிற்கும்.