தறிமேல் இருந்த கடனும் நம்ம சேமிப்பும்

இந்த மலருக்கு 'செல்வம்' என்ற தலைப்பில், நம் ஊர் வரலாற்றையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். பட்டு நெய்கிற ஊரில் இதைவிடப் பொருத்தமான தலைப்பு இருக்காது. விலை கூடிய கல்யாணச் சேலை நம் வீட்டுக் குழித்தறியில்தான் உருவாகிறது. ஆனால் நெய்த வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் அதை எடுத்துக் கட்டியிருக்கிறோம்? செல்வம் நம்ம கை வழியாத்தான் போச்சு, ஆனா நம்ம வீட்டில் தங்கலை. அது ஏன் என்று பார்ப்போம்.

ஆரணியில் செல்வம் என்று கேட்டால் பெரியவங்க முதலில் ஜாகீரைத்தான் சொல்லுவாங்க. மராட்டிய வழி வந்த ஜாகீர்தார்கள் பல தலைமுறையாக இந்தப் பகுதியில் வரி வாங்கினார்கள். எஸ்.வி.நகரத்திலும் பூசிமலைக்குப்பத்திலும் மாளிகை கட்டினார்கள். இன்றைக்கு அவை பாழடைந்து கிடப்பதை நாமே பார்க்கிறோம். 1751-ல் ஆரணியில் கிளைவ் சண்டை போட்டதும், 1782-ல் ஹைதர் அலி படையோடு ஆங்கிலேயர் மோதியதும் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தறி ஓட்டிய வீட்டுக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. அதை நாமதான் எழுதணும்.

அந்தக் கணக்கு இப்படித்தான். பட்டு நூல் கர்நாடகாவிலிருந்து வரணும், ஜரிகை சூரத்திலிருந்து வரணும். இரண்டும் விலை அதிகம். நெசவாளியால் சொந்தமாக வாங்கிப் போட முடியாது. அதனால் முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார், நாம் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். ஒரு சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலி வீட்டு ஆம்பளை கைக்குப் போகும். தார் சுற்றியது, பாவு புணைத்தது, இழை அறுந்தால் எடுத்துக் கட்டியது எல்லாம் பெண்களும் பிள்ளைகளும். அதற்குத் தனிக் கூலி கிடையாது.

கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று வந்தால் அதே முதலாளியிடம் அட்வான்ஸ் கேட்பார்கள். "வட்டியில்லாத பணம்" என்று பேர். ஆனால் அதைக் கட்டி முடிக்கிற வரைக்கும் வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. கூலி குறைவு என்று வாய் திறக்க முடியாது. பாவு வராமல் 10 நாள் தறி சும்மா கிடந்தாலும் காத்துக் கிடக்கணும். வட்டி வேற ரூபத்தில் போய்க்கிட்டேதான் இருந்தது.

இதைவிடக் கசப்பான கணக்கும் உண்டு. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று கோர்வை நெய்யும்போது, கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். பெற்றவர்கள் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அடுத்தவர் தறிக்குப் பிள்ளையை அனுப்புவார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு அம்மா, வீட்டுக்காரர் ஆபரேஷனுக்குப் பணம் வாங்கி மகளைத் தறிக்கு அனுப்பினார். அந்தப் பெண் என்னோடு நாலாம் வகுப்பு படித்தவள். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை.

இது தப்பு என்று சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. முன்பணத்துக்குப் பிள்ளையின் உழைப்பை அடமானம் வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-லேயே வெள்ளைக்காரர் ஆட்சியில் சட்டம் வந்தது. மீறினால் பெற்றவர்களுக்கு 50 ரூபாய் வரை, வேலை வாங்கியவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 1996-ல் சிவகாசி வழக்கில், சட்டத்தை மீறி ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்தால் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வேலை வாங்கியவர் கட்டணும் என்றது உச்ச நீதிமன்றம். அப்படியும் 2000-க்குப் பிறகுகூட, குழந்தைத் தொழிலை ஒழிக்கும் 'இண்டஸ்' திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் எடுத்த 5 மாவட்டங்களில் நம் திருவண்ணாமலையும் ஒன்றாக இருந்தது.

இத்தனை சட்டம் இருந்தும் ஏன் நின்றுபோகவில்லை? அந்த அம்மாவுக்கு அறம் தெரியாதா? நல்லாத் தெரியும். மகளை அனுப்பிவிட்டு ஒவ்வொரு நாளும் அழுதவர்தான். அன்றைக்கு அவசரத்துக்குக் கையில் பணம் இல்லை, கேட்க வேறு இடமும் இல்லை. ஒப்பந்தம் செல்லாது என்று சட்டம் சொன்னது. ஆபரேஷனுக்குப் பணம் தர அங்கே ஆள் இல்லை.

வள்ளுவர் குறளை அறம், பொருள், இன்பம் என்று மூன்று பாலாகப் பிரித்தார். அறத்துக்கும் இன்பத்துக்கும் நடுவில் பொருள் நிற்கிறது. எனக்குப் புரிந்தது இதுதான்: கொஞ்சமாவது பொருள் இல்லாதவளால் தனக்குச் சரி என்று தெரிந்ததைச் செய்ய முடியாமல் போகிறது. 'பொருள் செயல்வகை' என்ற அதிகாரத்தில், பொருள் வந்த வழியும் சுத்தமாக இருக்கணும் என்று அவர் சேர்த்தே சொல்கிறார். பிள்ளையை உட்கார வைத்து நெய்த சேலையில் வந்த லாபம் யாருக்குப் போனாலும், அது அந்தக் கணக்கில் தேறாது.

நம்மைப்போல் இருந்தவர்கள் வேறு இடங்களிலும் இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். 1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளர்களும் மற்ற தொழிலாளர்களுமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டுக் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். 1974-ல் அகமதாபாத்தில் 'சேவா' சங்கத்துப் பெண்கள் 4,000 பேர் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டு சொந்தமாக வங்கியே தொடங்கினார்கள். நம் மாநிலத்தில் 1989-ல் தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தன. 1992-ல் நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் முயற்சியைத் தொடங்கியது. 1997-ல் மகளிர் திட்டம் வந்தது. அந்த வழியில்தான் நாமும் வந்தோம்.

வெளியில் நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு 10,000 வாங்கினால் மாதம் 500, வருஷத்துக்கு 6,000 வட்டி மட்டும். குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் மாதம் 100. அந்த நூறும் நம்ம பொதுப் பணத்திலேயே சேரும். குழுக் கடன் வாங்கி முதலாளியின் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். மறுநாள் அவர்கள் வீட்டில் கூலி ஒரு பைசா கூடவில்லை. அதே தறி, அதே சேலை. ஆனால் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்யலாமா, வேறு முதலாளியைப் பார்க்கலாமா என்று யோசிக்க முடிந்தது. கூலி பேச முடிந்தது. மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டிய அவசியம் வரவில்லை. செல்வம் என்றால் இதைத்தான் நான் சொல்வேன். ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடிந்தது என்றார்களே, அந்தச் சந்தோஷமும் இதில்தான் வந்தது.

ஆனாலும் இன்னும் ஒன்றைச் சொல்லியாகணும். இப்போது கடன் நம் வாசலுக்கே வருகிறது. ஒரே வீட்டில் மூன்று, நாலு கம்பெனி தவணை ஓடுகிறது. 2010-ல் ஆந்திராவில் வாரத் தவணைக் கடன் நெருக்கடியால் தற்கொலைகள் நடந்து, அரசு அவசரச் சட்டம் கொண்டுவரும் நிலை ஆனது. நம்ம கூட்டமைப்பும் இன்றைக்குக் கடன் கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. ஒரு சகோதரி தவணை கட்டாவிட்டால் நாலு பேர் போய் அவள் வாசலில் நின்று தெரு கேட்கப் பேசினால், அன்றைக்கு முதலாளி அனுப்பிய ஆளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? பணம் திரும்பி வரத்தான் வேண்டும். அது நாம எல்லாரும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். ஆனால் உடம்பு சரியில்லாதவளுக்கும், பாவு இல்லாமல் தறி நின்றவளுக்கும் கூட்டத்தில் பேசி, தீர்மானம் போட்டு, தவணை தள்ளிக் கொடுக்க நம்மால் முடியும்.

பஞ்ச சூத்திரம் நம் எல்லாருக்கும் மனப்பாடம்: கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் புத்தகம். அதோடு மாதம் ஒருமுறை இரண்டு கேள்வி கேட்போம். இந்த மாதம் எத்தனை பேர் அட்வான்ஸிலிருந்தும் வெளி வட்டியிலிருந்தும் விடுபட்டார்கள்? நம் வீடுகளில் கடனுக்காகப் படிப்பை நிறுத்திய பிள்ளை யாராவது உண்டா? கிடைக்கிற பதிலைத் தீர்மான நோட்டில், சேமிப்புத் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்போம். அடுத்த மலருக்கு வரலாறு எழுதுகிற சகோதரிக்கு அந்த நோட்டு உதவும்.