காலா கில்லாவின் கல் சொல்லும் ஆண்டு

ஐரோலியில் பழைய கட்டடம் எது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. 1970இல் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனம் உப்பளங்களையும் வயல்களையும் மீனவர் ஊர்களையும் ஒன்றுசேர்த்து எழுப்பிய நவி மும்பையின் வடபகுதி அது. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முந்தைய முகவரி தாராவியாகவோ மாட்டுங்காவாகவோ செம்பூராகவோ இருக்கும். எனினும் பழமைக்காக வெகுதொலைவு போகவேண்டியதில்லை. அதே நகரின் தென்பகுதியில் பேலாப்பூர் கோட்டையின் சிதைவுகள் உள்ளன. தாணே கழிமுகத்தைக் கடந்து மேற்கே சென்றால், மித்தி ஆற்றங்கரையில், தாராவியின் வீடுகளுக்கிடையே காலா கில்லா நிற்கிறது. இவ்விரு கோட்டைகளைப் பற்றியும் மக்கள் சொல்லும் கதைகள் உண்டு. அக்கதைகள் எதை மறைக்கின்றன என்பதே இங்கு ஆராயத்தக்கது.

பேலாப்பூர்க் கதை பெயரில் தொடங்குகிறது. பேஷ்வா முதலாம் பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா, இக்கோட்டை கைவசமானால் அம்ருதேஷ்வர் கோயிலுக்கு வில்வமாலை சாத்துவதாக நேர்ந்துகொண்டார், வெற்றி கிட்டியது, வில்வத்தைக் குறிக்கும் 'பேல்' என்னும் மராத்திச் சொல்லால் ஊர் பேலாப்பூர் ஆயிற்று என்பர். போர்த்துகீசியர் இக்கோட்டையைச் 'சபாயோ' என்றனர். பக்கத்து ஊரான ஷாபாஜின் பெயர் அவர்கள் நாவில் திரிந்த வடிவம் அது எனக் கருதுவர். கோட்டையை முதலில் எழுப்பியவர்களாகச் சொல்லப்படும் சித்திகள், ஆப்பிரிக்க வழிவந்த கடலோடிகள். வில்வமாலைக் கதை நிலைத்தது. சித்திகளின் பெயர் ஊர்ப்பெயரில் எங்கும் ஒட்டவில்லை.

இரண்டாவது கதை சுரங்கம். பேலாப்பூர் கோட்டையிலிருந்து எலிபெண்டா குகைகள் உள்ள காராப்புரித் தீவுக்கு நிலத்தடி வழி உண்டு என்று ஊரார் நம்புகின்றனர். இடைத்தொலைவு 10 கிலோமீட்டருக்கும் மேல், பெரும்பகுதி கடல். இலண்டனில் தேம்ஸ் ஆற்றின் அடியில் ஏறத்தாழ 400 மீட்டர் நீளச் சுரங்கம் தோண்டப் புருனெல் குடும்பத்துப் பொறியாளர்களுக்கு 1825 முதல் 1843 வரை 18 ஆண்டுகள் பிடித்தன. நீர் புகுந்து ஆட்கள் மடிந்ததும் உண்டு. இதை நினைத்தால் பேலாப்பூர்ச் சுரங்கத்தை மேலும் விவாதிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் சுரங்கக் கதை இல்லாத கோட்டை அரிது. நீர்த்தொட்டியோ வெடிமருந்து அறையோ வடிகாலோ கூரை சரிந்து இருண்ட வாய் ஒன்றைக் காட்டினால் போதும்; மறுமுனையைக் கற்பனை அமைத்துவிடும். இதில் வேடிக்கை ஒன்றுண்டு: மும்பை–அகமதாபாத் அதிவேக ரயிலுக்காக பாந்த்ரா–குர்லா வளாகத்திலிருந்து ஷில்பாட்டா வரை 21 கிலோமீட்டர்ச் சுரங்கம் திட்டமிடப்பட்டு, அதில் 7 கிலோமீட்டர் தாணே கழிமுகத்தின் அடியில் செல்கிறது. அது கரையேறும் கன்சோலி, ஐரோலிக்கு அடுத்த ஊர். அது புறப்படும் வளாகமோ, மித்தி ஆற்றுக்கு அப்பால் தாராவியை நோக்கி நிற்கிறது.

காலா கில்லாவின் சிக்கல் வேறு வகையானது. ரிவா கோட்டை என்றும் அழைக்கப்படும் இச்சிறு கருங்கல் கட்டடத்தைக் கட்டியவர், 1669 முதல் 1677 வரை பம்பாயின் ஆளுநராக இருந்த ஜெரால்டு ஆஞ்சியர் என்று பல குறிப்புகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகின்றன. ஆனால் கோட்டைச் சுவரிலேயே ஆங்கிலக் கல்வெட்டு இருக்கிறது. ஆளுநர் ஜான் ஹார்னின் ஆணைப்படி 1737இல் கட்டப்பட்டது என்கிறது அது. ஆஞ்சியர் இறந்து அப்போது 60 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கல்லில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு ஏன் ஆஞ்சியரைப் பிடித்துக்கொண்டார்கள்? பெரிய பெயர்கள் அண்டையிலுள்ள சிறியவற்றை இழுத்துக்கொள்ளும். திருநெல்வேலிப் பக்கத்தில் பழைய சாலையும் சாவடியும் மங்கம்மாள் பெயருக்குப் போய்ச் சேர்வதில்லையா? பம்பாயின் 'நிறுவனர்' எனப் பாடநூல்கள் சொல்லும் ஆஞ்சியருக்கு அருகிலுள்ள சயான் கோட்டையும் உரியதாகச் சொல்லப்படுகையில், காலா கில்லாவும் அதே கணக்கில் சேர்ந்துவிட்டது. ஹார்னை யாருக்குத் தெரியும்?

60 ஆண்டுப் பிழைதானே என்று விட்டுவிட முடியாது. ஆஞ்சியர் காலத்தில் ஆற்றுக்கு வடக்கே சால்செட் தீவு போர்த்துகீசியருடையது. அவர்களோடு ஆங்கிலேயருக்கு இருந்தது பெரும்பாலும் சுங்கத் தகராறு. 1737இன் வசந்தத்தில் நிலைமை தலைகீழாயிற்று. சிமாஜி அப்பாவின் படை, கட்டி முடியாதிருந்த தாணே கோட்டையைக் கைப்பற்றிச் சால்செட்டில் பரவியது; 1739 மே மாதம் வசை கோட்டையும் வீழ்ந்தது. இங்கிலாந்தின் சட்ட ஆண்டு 1752 வரை மார்ச் 25 அன்றுதான் தொடங்கியது என்பதையும் மறக்கலாகாது. கல் அம்முறையைப் பின்பற்றியிருந்தால், அதன் 1737 என்பது தாணே வீழ்ந்ததைத் தொடர்ந்த பன்னிரண்டு மாதங்களாகிறது. அப்படியானால் காலா கில்லா ஓர் ஆட்சியின் பெருமைச் சின்னமன்று. எதிர்க்கரையில் மராத்தியர் வந்து நின்றதைக் கண்ட அச்சத்தின் கட்டடம். நிலமட்டத்தில் வாயிலின்றி ஏணி வைத்து ஏறும்படி அது அமைந்திருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. ஆஞ்சியரின் பெயரை ஒட்டிவைத்தவுடன் மறைந்துபோவது இந்த அச்சமே.

இன்னொரு குழப்பமும் உண்டு. மராத்தியப் போர்க் குறிப்புகளில் 'தாராவி' வருமிடமெல்லாம் மும்பையின் தாராவியென்று கொள்வோர் உளர். பாயந்தருக்கு மேற்கே, உத்தன் பகுதியில் உள்ள தாராவித் தீவும் அதன் கோட்டையும் வேறு. 1739இல் சிமாஜி அப்பாவின் படை கைப்பற்றியது அதைத்தான்.

1774 இறுதியில் ஆங்கிலேயர் தாணேயையும் சால்செட்டையும் பிடித்தனர். 1782 சால்பாய் உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. அதன்பின் காலா கில்லாவுக்குக் காவல் காக்க எல்லையே இல்லை. அது பயன்பட்ட காலம் நாற்பது ஆண்டுக்கும் குறைவு. கோட்டைக்குப் பிந்திய தாராவியைக் கட்டியவர்கள் வேறு மக்கள். கோலி மீனவர்களின் குடியிருப்பு ஏற்கெனவே இருந்தது. சௌராஷ்டிரக் குயவர்களும், தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் சதுப்பை மேடாக்கிக் குடியேறினர். 1887இல் பெரிய பள்ளிவாசலும் 1913இல் கணேசர் கோயிலும் எழுந்தன. சதுப்பில் கொட்டிய மண்ணுக்குக் கல்வெட்டு எவரும் வைக்கவில்லை.

இன்று அங்கே ஆண்டுக்கு வேறு மதிப்பு வந்திருக்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை ஆவணத்தால் மெய்ப்பிப்போருக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. அதற்குப் பின் வந்தோருக்கும் மேல்தளத்தில் இருப்போருக்கும் வேறு விதிகள், வேறு இடங்கள். மூன்று தலைமுறையாக இங்கேதான் இருக்கிறோம் என்னும் வாய்மொழி கணக்கெடுப்பில் செல்லாது. குடும்ப அட்டை, மின்கட்டணச் சீட்டு, வாக்காளர் பட்டியல் இவற்றில் பதிந்த ஆண்டே செல்லும். ஹார்னின் கல்லில் 1737 தெளிவாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள வீடுகளில் மக்கள் தகரப்பெட்டிகளைத் திறந்து பழைய சீட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கின்றனர்.